ஏரி நடுவில் நின்ற கடை

பொழுது விடியும் முன்பே பதினாறு குதிரைகளையும் பூட்டிவிட்டார்கள்.

கிளம்ப வேண்டியது கடைதான். மரச்சுவர், கூரை, அலமாரி, அடுப்பு, புகைக்குழாய் எல்லாவற்றோடும் அப்படியே. அடியில் நீளமான இரண்டு மரங்களைக் கொடுத்து, முன்பக்கம் சறுக்குவண்டி மாதிரி வளைவாகச் செதுக்கியிருந்தார்கள். அதன்மேல் கடை உட்கார்ந்திருந்தது. எதிரே ஆறு மைல் அகலத்துக்கு உறைந்த ஏரி. அக்கரையில் ரயில் நிலையமும் புது ஊரும். இந்தக் கரையில் மிச்சம் இருந்தது இந்த ஒரு கடை.

மற்றவை எல்லாம் ஜனவரியிலிருந்தே போகத் தொடங்கிவிட்டன. முதலில் போலீஸ் சாவடி. பிறகு தபால் நிலையம், விடுதி, கடைசியாக மாதா கோயில். எல்லாமே ஏரிமேல் சறுக்கிக்கொண்டுதான் போயின. கோயிலை இழுத்துக்கொண்டு போனபோது கோபுரத்து மணி தானாகவே ஆடி அடித்துக்கொண்டு போனது. வார்தே வாசலில் நின்று அது காதுக்கு எட்டாமல் போகும்வரை கேட்டாள்.

அவள் கணவர் மித்ரி ஸக்கூர் மட்டும் அசையவில்லை. "போனவன் எல்லாம் திரும்பி வருவான் பாரு" என்றார். மார்ச் வந்தது. ஒருவரும் வரவில்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் லெபனான் மலையடிவாரத்து ஸஹ்லேயிலிருந்து கிளம்பி, முதுகில் ஒரு பெட்டியோடு இந்த லா க்ரூ ஏரியை நடந்தே கடந்து வந்தவர் அவர். பெட்டியில் ஊசி, நூல், ஜெபமாலை, முகம் பார்க்கும் கண்ணாடி. அப்போது இங்கே ஊர் கிடையாது. அவர் கடையைச் சுற்றித்தான் ஊர் முளைத்தது. கோடையில் பதினோரு சரக்குப் படகுகள் அவர் துறையில் காத்துக் கிடந்த காலம் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் ரயில் கம்பெனி ஆட்கள் நிலம் அளக்க வந்தார்கள். ஒரு வாரம் மித்ரி வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டார்கள். எட்டாம் நாள் அவர் தன் கரைக்கு யானை விலை சொன்னார். அவர்கள் சிரித்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். போனவர்கள் தண்டவாளத்தை அக்கரையில் போட்டார்கள்.

இது ஊரறிந்த கதை. வார்தேவுக்கு மட்டும் தெரிந்தது வேறு ஒன்று. போன வாரம் விறகுக் கொட்டகையில் வைத்து மகன் தௌஃபீக் சொன்னது.

"கடைய அக்கரை சேத்துட்டு நான் போயிடறேம்மா. ஸ்டேஷன் எதிர்ல பெரிய கடை வந்திருக்குல்ல, அங்க வேலை. திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. அப்பாகிட்ட நீயே சொல்லிடு."

இன்று சனிக்கிழமை. அவள் இன்னும் சொல்லவில்லை.

குதிரைக்காரன் நோர்பேர் மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "சாமான எறக்கு மொதலாளி. வெறும் கடைய இழுப்போம். மாவு மூட்டையெல்லாம் பின்னாடி சின்ன வண்டில வரட்டும்."

"காலிக் கடையோட போய் எறங்கவா? மித்ரி பொழப்பத்து ஓடி வந்துட்டான்னு அவனுங்க சொல்லணும், இல்ல?"

"இப்ப மட்டும் கல்யாண ஊர்வலமா போறோம்?"

"ஆமாய்யா. ஜன்னல் தெறந்து, அலமாரி நெறஞ்சு, அடுப்பு எரிஞ்சுக்கிட்டுப் போவணும். கரை ஏறின அஞ்சாவது நிமிஷம் வியாபாரம்."

நோர்பேர் துப்பினான். விழுந்த இடத்திலேயே அது உறைந்துவிட்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி. உன் கடை, உன் தலையெழுத்து. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. நான் கிளம்பினா அக்கரைலதான் நிப்பேன். ஓடற பாரத்த ஏரி தாங்கும். நின்ன பாரத்த தாங்காது. அடிமரமும் ஐஸோட ஐஸா ஒட்டிக்கும். எது நடந்தாலும் நிறுத்துன்னு சொல்லாத. உன் பொண்டாட்டி வெளிய விழுந்தாக்கூட."

"விழமாட்டா. ஸஹ்லேக்காரி."

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மித்ரிக்கும் சிரிப்பு வந்தது. அவர் முகத்தில் அதைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று வார்தே நினைத்துக்கொண்டாள். இப்போதும் சொல்ல முடியாது. கரை ஏறட்டும்.

தௌஃபீக் முன்னால் போக வேண்டும். ஒற்றைக் குதிரை வண்டியில் அரை மைல் முன்னே போய், இரும்புக் கம்பியால் குத்திக் குத்திப் பனிக்கட்டியின் கனம் பார்ப்பது அவன் வேலை. கிளம்பும்போது அம்மாவைப் பார்த்தான். சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பார்வை. அவள் அடுப்புக் கதவைத் திறந்து ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

நோர்பேரின் சாட்டை சொடுக்கியது. அடிமரம் பெரிய சத்தத்தோடு தரையை விட்டது. அலமாரியில் இருந்த விளக்குக் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசின. கடை நகர ஆரம்பித்தது.

ஜன்னல் வழியாகக் கரை விலகுவதை வார்தே பார்த்தாள். கடை இருந்த இடத்தில் சதுரமாகக் கறுப்பு மண் தெரிந்தது. பத்தொன்பது வருடமாகப் பனி படாத மண்.

முதல் மூன்று மைல் நன்றாகத்தான் போனது. மித்ரி கல்லாப் பலகைக்குப் பின்னால் நின்றபடியே வந்தார். கை அலமாரியைப் பிடித்திருந்தது. நல்ல கோட்டு போட்டிருந்தார். "மெதுவா போனாலும் போறோம் பாத்தியா" என்றார் ஒரு தடவை. அவள் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் எதிரே நாய்வண்டி தெரிந்தது.

ஐந்து நாய்கள், பின்னால் ஓடி வரும் ஒரு ஆள். சிவப்பு இடுப்புப் பட்டை. மித்ரி ஜன்னலில் கையைக் குவித்துப் பார்த்தார்.

"நம்ம இஸிடோர்டி."

இஸிடோர் வடக்குக் காட்டில் கண்ணி வைக்கிறவன். முதல் குளிர்காலத்தில் மித்ரியின் பெட்டியிலிருந்து முதல் ஊசியை வாங்கியவன் அவன்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் தோல்கட்டோடு மித்ரியின் வாசலுக்குத்தான் வருவான்.

வார்தே நாய்வண்டியைப் பார்த்தாள். அது அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வண்டியில் தோல் எதுவும் இல்லை. இரண்டு மாவு மூட்டை இருந்தது.

மித்ரி கதவைத் திறந்துவிட்டார். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

"நோர்பேர், நிறுத்து."

"என்னாது?"

"ஆள் வந்திருக்கு. நிறுத்து."

"உனக்குப் பைத்தியமா? காலைல என்ன சொன்னேன் நானு?"

இஸிடோர் கடைக்குப் பக்கமாகவே நடந்து வந்தான். ஒரு கடை ஏரிமேல் நடந்து போவதைப் பார்த்து அவன் வாயெல்லாம் பல். "நிறுத்த வேணாம் மித்ரி. போய்க்கிட்டே இரு. நான் சும்மா கூட நடந்துட்டுத் திரும்பிக்கறேன்."

"என் வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போவியா?"

"வாசல் ஓடிக்கிட்டு இருக்குதேய்யா."

"பத்தொன்பது வருஷமா என் வாசலுக்கு வந்தவன் ஒருத்தனும் வாய் நனைக்காம போனதில்ல. இன்னிக்கு அது நடக்காது. நோர்பேர், அதுல எட்டுக் குதிரை என்னோடது. நிறுத்து."

நோர்பேர் அவரையே பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்றைப் பல்லுக்குள் மென்றான். "பத்து நிமிஷம். பத்துன்னா பத்து" என்று கயிற்றை இழுத்துப் பிடித்தான்.

கடை நின்றது.

சட்டென்று ஒரே அமைதி. பதினாறு குதிரைகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

இஸிடோர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். மித்ரி நாற்காலியை இழுத்துப் போட்டார். காய்ந்த அத்திப்பழத் தட்டை எடுத்து வைத்தார். வார்தே பித்தளைச் செம்பில் காபியை அடுப்பில் ஏற்றினாள். அவர்கள் ஊரில் விருந்தாளிக்குக் காபி மூன்று தடவை பொங்கி அடங்க வேண்டும். அவன் குடித்து முடிக்கும்வரை யாரும் வியாபாரம் பேசக் கூடாது. இஸிடோருக்கும் அந்த வழக்கம் தெரியும். அவன் நாய்களைப் பற்றிப் பேசினான். கிழக்கே ஓநாய் அதிகம் என்றான். பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றான்.

"ஆணா பொண்ணா?"

"பொண்ணு. கத்தறா பாரு, ஒரு மைலுக்குக் கேக்கும்."

"அம்மாவழியா வந்திருக்கும்" என்றார் மித்ரி. இருவரும் சிரித்தார்கள்.

காபி முதல் தடவை பொங்கியது. அடியில் எங்கோ மரம் ஒரு சின்ன முனகல் முனகியது. வார்தே மட்டும்தான் கேட்டாள்.

இஸிடோர் கோப்பையைக் காலி செய்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான். அவன் முகம் மாறியது. ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி முழங்காலில் கை வைத்து முன்னால் சாய்ந்தான். "மித்ரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கரைல..."

அங்கே அவன் எதைக் கேள்விப்பட்டிருப்பான் என்று வார்தேவுக்குப் புரிந்துவிட்டது.

"இருங்கண்ணே, இன்னொரு வாய் குடிச்சிட்டுப் பேசலாம்" என்று செம்பில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "பேத்தி பொறந்திருக்கா. ஒரே கோப்பையோட விடறதா?"

"அதானே" என்றார் மித்ரி, சந்தோஷமாக.

இந்தத் தடவை அடுப்பு மந்தமாக இருந்தது. அவள் விறகு வைக்கவில்லை. காபி மெல்லச் சூடாகட்டும். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஓநாய்க்கே திரும்பிவிடும். நோர்பேர் வெளியிலிருந்து சாட்டைக் காம்பால் சுவரைத் தட்டினான். "பத்து ஆச்சு!"

"வர்றோம், வர்றோம்" என்றார் மித்ரி.

இரண்டாவது கோப்பையைக் குடித்ததும் இஸிடோர் மறுபடி அதே இடத்துக்கு வந்தான். நல்லவன். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு எழுந்து போகத் தெரியாதவன்.

"இந்தத் தடவை தோல அங்க குடுத்துட்டேன் மித்ரி. கோச்சுக்காத. நீ கடைய எடுத்துட்டு எப்ப வருவன்னு எனக்குத் தெரியல. அப்புறம் உன் பையன்தானே திங்கக்கிழமைலருந்து அந்தக் கடைல நிக்கப் போறான். அவங்க சொன்னாங்க. சரி, அவன் கைல குடுக்கறதும் உன் கைல குடுக்கறதும் ஒண்ணுதானேன்னு..."

அவன் நிறுத்திவிட்டான். மித்ரியின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

மித்ரி அத்திப்பழத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்க இஸிடோர். பேத்திக்குக் கொஞ்சம் கட்டித் தரச் சொல்றேன்."

"மித்ரி..."

"எடுத்துக்கய்யா."

வார்தே ஒரு துணியில் அத்திப்பழத்தைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினாள். மித்ரி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கை தொடைமேல் கிடந்தது. ஒரு வார்த்தை, கிளம்பு என்ற ஒரு வார்த்தை, நோர்பேரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. அவளுக்கும் வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை.

நோர்பேர் கதவை உதைத்துத் திறந்தான்.

"நாப்பது நிமிஷம்! வெளிய வந்து பாருங்க உங்க விருந்த."

அடிமரங்களைச் சுற்றிப் பனி சாம்பல் நிறமாகியிருந்தது. ஈரம். இடது பக்கம் விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

இஸிடோர் அதை ஒரு தடவை பார்த்தான். அத்திப்பழ மூட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நாய்களை வெகு தூரம் சுற்றி ஓட்டிக்கொண்டு போனான். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நோர்பேர் குதிரைகளை முடுக்கினான். பதினாறும் ஒன்றாகக் குனிந்து இழுத்தன. சேணங்கள் முறுகின. கடை அசையவில்லை. மறுபடி. முன்ஜோடியில் ஒன்று வழுக்கி முழங்கால் போட்டது. மூன்றாவது தடவை ஒரு சங்கிலி அறுந்து பறந்தது. அடிமரம் ஏரியோடு ஒட்டிவிட்டது.

ஆட்கள் கோடாலியால் மரத்தைச் சுற்றி வெட்டினார்கள். வெட்டிய குழியில் தண்ணீர் மேலே வந்தது. நோர்பேர் கையைத் தூக்கினான்.

"போதும், நிறுத்துங்க. வெட்டினா தண்ணி வருது. வெட்டலன்னா ஒட்டுது."

கடை பின்னால் வராததைப் பார்த்துவிட்டுத் தௌஃபீக் திரும்பி வந்து சேர்ந்தபோது இடது மூலை ஒரு சாண் இறங்கியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. காற்று தெற்கிலிருந்து வீசியது. கூரை ஓரத்திலிருந்து சொட்டத் தொடங்கியது.

"ஏன் நின்னீங்க?" அவன் நோர்பேரைக் கேட்டான். "ஏன் நின்னீங்கன்னு கேக்கறேன்."

"உங்கப்பனக் கேளு. ஏரி நடுவுல விருந்து வச்சாரு."

தௌஃபீக் உள்ளே வந்தான். அப்பா கல்லாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார்.

"இஸிடோர் வந்தான்" என்றார் மித்ரி. "எல்லாம் சொன்னான்."

தௌஃபீக் அம்மாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் அம்மாகிட்டச் சொல்லி..."

"நீ எங்கிட்டச் சொல்லியிருக்கணும். ஊசி விக்கறவன் பையன், வேற கடைல ஊசி விக்கப் போறேன்னு எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கணும்."

"சொன்னா விட்டிருப்பீங்களா? சர்வே ஆளுங்கள விட்டீங்களா? ஜனவரில எல்லாரும் போறப்ப ஐஸு மூணரை அடி கனம். அப்பவே போலாம்னு காலப் புடிச்சுக் கெஞ்சினேன். திரும்பி வருவாங்கன்னீங்க. யாருப்பா வந்தா?"

வெளியே குதிரைகளை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

நோர்பேர் வாசலில் வந்து நின்றான். குரல் தணிந்திருந்தது. "நான் குதிரைய ஓட்டிட்டுப் போறேன். உன்னோடதையும் சேத்துத்தான். இங்க நிறுத்தினா அதுவும் போயிடும். ராத்திரி நல்லா ஒறைஞ்சா, விடியக்காலைல இன்னும் எட்டு ஜோடி, நீளப் பலகை, நாலு ஜாக்கி இருந்தா தூக்கிப் பாக்கலாம். ஒறையலன்னா..." அவன் தெற்கே பார்த்தான். "சாமான எறக்கி வெளிய வைக்கவும் வழியில்ல. சுத்தி நாலா பக்கமும் மெல்லிசு."

"எட்டு ஜோடி யார்கிட்ட இருக்கு?" என்றாள் வார்தே.

எல்லோருக்கும் தெரியும். அக்கரையில் அத்தனை குதிரையும் ஜாக்கியும் இருப்பது ஒரே இடத்தில், ஸ்டேஷன் எதிரே அந்தப் பெரிய கடையில்.

"நான் கேக்கறேன்" என்றான் தௌஃபீக்.

"கேக்கக் கூடாது."

"அப்பா, திங்கக்கிழமை வேலைக்கு வர்றவன் கேட்டா குடுப்பாங்க. சும்மா குடுக்கமாட்டாங்க. மூணு வருஷம் வேற எங்கயும் போக மாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்வாங்க. உங்க கடைல நிக்கக் கூடாதும்பாங்க. குடுத்துட்டுப் போறேன்."

"பையன வித்து மரச்சுவர வாங்கணுமா நானு?"

"வேற என்ன இருக்கு விக்க?"

அந்த வார்த்தை வந்த பிறகு அவனே கொஞ்சம் தடுமாறினான். தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டான். "அம்மா, நீயும் நோர்பேரோட கரைக்குப் போ" என்றான். அவள் மாட்டேன் என்று தலையை அசைத்தாள். அவன் வற்புறுத்தவில்லை. அவன் வண்டிக் குதிரையையும் நோர்பேர் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஈரமான இந்த இடத்தைத் தாண்டும்வரை பாரம் பிரிந்து பிரிந்து போக வேண்டும். ஆட்கள் தனியாக, குதிரைகள் தனியாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே நூறடி விட்டு. தௌஃபீக் கடைசியாக நடந்தான்.

கடையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் மித்ரி.

"ஒரு வாரமா."

"இஸிடோருக்கு ரெண்டாவது தடவ காபி வச்சது?"

"அவன் வாய அடைக்க."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முதல் கோப்பைக்கு நிறுத்தினது நான்" என்றார். "நீ என்ன பண்ணுவ."

இடது மூலையில் உருளைக்கிழங்குக் கூடைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, பலகை இடுக்கு வழியாக மெதுவாக வந்துகொண்டிருந்தது. வார்தே எழுந்து போய்க் கூடையைப் பெஞ்சின் மேல் தூக்கி வைத்தாள். அதற்கு மேல் எதைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவன கூப்பிடு" என்றார் மித்ரி.

"யார?"

"தௌஃபீக்க. நான் கூப்பிட்டா திரும்ப மாட்டான். நீ கூப்பிட்டா வருவான். அவங்க வாசல்ல போய் அவன் நிக்க வேணாம். போனா போவட்டும் கடை. கூப்பிடு வார்தே."

அவர் அவளிடம் இப்படிக் கெஞ்சியது கிடையாது. அவள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காற்று இன்னும் தெற்கிலிருந்துதான். மகன் கால் மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். அவன் நடையை அவளுக்கு எங்கேயும் அடையாளம் தெரியும். வலது தோள் கொஞ்சம் முன்னால் போகும். அவனுக்கு அப்பால் புது ஊரின் புகை நேராக எழாமல் வடக்கே சாய்ந்து கிடந்தது.

உறைந்த ஏரியில் சாதாரணப் பேச்சே அரை மைல் போகும். வாய் திறந்தால் போதும்.

கூப்பிட்டால் வந்துவிடுவான். வந்தால் கடை போய்விடும். கடை போனால் உள்ளே இருக்கிற மனிதர் கரை ஏறி என்ன செய்வார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கூப்பிடாவிட்டால் மூன்று வருடம். அவன் எதிர்த்த வாசலில் நிற்பதை அவர் தினமும் பார்ப்பார். அதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

காலுக்கு அடியில் ஏரி நீளமாக ஒரு தடவை உறுமியது. அந்தச் சத்தம் அவளைத் தாண்டி, மகனையும் தாண்டி, அக்கரை வரை ஓடியது. அவன் நின்றான். திரும்பிப் பார்த்தான். அவள் அசையாமல் நின்றாள். கையைக்கூடத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் மறுபடி நடந்தான்.

தோள் எது, தலை எது என்று தெரியாத அளவுக்கு அவன் சிறுத்த பிறகுதான் அவள் உள்ளே வந்தாள்.

"அவன் காதுல விழல போலிருக்கு" என்றாள்.

மித்ரி இந்த ஏரிமேல் பத்தொன்பது குளிர்காலம் நடந்தவர்; குரல் இங்கே எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தவர். அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

தண்ணீர் கல்லாப் பலகையின் காலைத் தொட்டது. அவர் இரண்டு பாதத்தையும் தூக்கி மாவு மூட்டைமேல் வைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, அவள் காலுக்கும் இடம் விட்டார்.